ஆடி மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லூரிக் கட்டணம் பற்றியவை. பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு ஆண்டுதோறும் பெய்கிற மழைதான் இது. ஆனால் எழுதியவர்களில் சிலருக்குப் பிள்ளைகள் இன்னும் ஆரம்பப் பள்ளியில் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கிக் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். கட்டணம் கட்டக் கடைசி நாளன்று மூன்றரை மணிக்கு, கல்லூரிச் சலானைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும் அப்பாக்களைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. அது பெரும்பாலும் ஆடி மாதமாகவே இருக்கும். ஆகவே யார் கேட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் பிள்ளையின் ஆடி எந்த ஆண்டு வருகிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது முடிந்து இரண்டு மாதம். செல்வமகள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கட்டினால் அவளுக்கு 21 வயதாகும்போது மொத்தமாகக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். அதை வைத்து இன்ஜினீயரிங் படிக்க வைத்துவிட முடியுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

அக்கா சொன்னதில் ஒரே ஒரு சொல் இடம் மாறியிருக்கிறது, தங்கச்சி. மகளுக்கு 21 வயது ஆகும்போது அல்ல; கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டு ஆகும்போது. உங்கள் மகளுக்கு அப்போது முப்பது வயது. அவள் பிள்ளைக்கு நீங்கள் பால்புட்டி கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தத் தவறு உங்களுடையது மட்டுமல்ல. 2015இல் பெண் குழந்தைகளுக்கான இந்தச் சேமிப்புத் திட்டம் வந்தபோது எங்கள் கிளையில் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நல்ல வேளையாகப் படிப்புக்கு ஒரு பின்கதவு இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு தேறியதும், அல்லது 18 வயது முடிந்ததும், முந்தைய நிதியாண்டு முடிவில் கணக்கில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். கல்லூரியில் சேர்ந்ததற்கான கடிதமும் கட்டண விவரமும் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு மேல் தரமாட்டார்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். மாதம் 2,000 வீதம் ஒன்பது ஆண்டு கட்டினால் நீங்கள் போட்டது 2,16,000. 2024 ஜனவரி முதல் வட்டி 8.2 சதவீதம், அது அப்படியே நிற்கிறது என்று வைத்தால் ஏறத்தாழ 3,15,000 சேர்ந்திருக்கும். அதில் பாதி 1,57,000. கவுன்சலிங் வழியாகத் தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தால், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் வைத்த தொகை ஆண்டுக்கு 55,000. நான்கு ஆண்டுக்கு 2,20,000. பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் தனி. ஒன்பது ஆண்டு கழித்து இந்தத் தொகை இப்படியே இருக்கும் என்று நான் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

ஆகவே முழு 2,000 ரூபாயையும் அங்கே போட்டுப் பூட்டாதீர்கள். ஆயிரத்தைச் செல்வமகளில் போடுங்கள். மறு ஆயிரத்தை அஞ்சலகத்தின் ஐந்தாண்டு ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் போடுங்கள், 6.7 சதவீத வட்டியில், மகளுக்குப் பதினான்கு வயதாகும்போது 71,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். அதை மூன்றாண்டு டெபாசிட்டில் போட்டுவிட்டு அடுத்த ஆர்.டி.யைத் தொடங்குங்கள். வட்டி குறைவுதான். ஆனால் ஆடியில் உங்கள் கைக்கு முழுதாக வருவது இதுதான்.

இன்னொன்று. செல்வமகளில் 5ஆம் தேதிக்குப் பிறகு மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி கட்டினால் அந்தப் பணம் அந்த மாதம் சும்மா கிடக்கும். உங்கள் ஊரில் சனிக்கிழமைக் கூலி என்பது எனக்குத் தெரியும். புது மாதத்தின் முதல் சனிக்கிழமைக்குக் காத்திராமல், போன மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைக் கூலியிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மகளுக்குப் பத்து வயது முடிவதற்குள் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்பதால், இந்த இதழைக் கீழே வைத்ததும் அஞ்சலகத்துக்குப் போங்கள்.

மகனுக்கு மூன்று வயது. மைத்துனர் ஏஜென்ட் என்பதால் மகன் பெயரில் அவரிடம் 20 ஆண்டு ‘குழந்தை பாலிசி’ எடுத்தேன். ஆண்டுக்கு 24,000. இரண்டு தவணை கட்டியாயிற்று. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வேறு சேமிப்பு இல்லை. தொடரலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

தம்பி, பாலிசிப் பத்திரத்தை எடுத்து, யார் உயிருக்குக் காப்பீடு என்று பாருங்கள். பையன் உயிருக்கு. பையனா வெல்டிங் அடித்துச் சம்பளம் கொண்டுவருகிறான்? நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டில் நின்றுபோவது உங்கள் சம்பளம். காப்பீடு இருக்க வேண்டியது உங்கள் பெயரில்.

இப்படிப்பட்ட பாலிசிகளில் போனஸ் எல்லாம் சேர்த்தும் ஐந்து, ஆறு சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அதையும் விடுங்கள், முதிரும் தேதியைப் பாருங்கள். பையனுக்கு ஒரு வயதில் எடுத்த 20 ஆண்டு பாலிசி அவனுடைய 21ஆம் வயதில் முதிரும். பட்டம் வாங்கிய பிறகு கட்டணம் வந்து சேர்ந்து என்ன பயன்?

முதலில் உங்கள் பெயரில் 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி, அதாவது உயிருக்கு மட்டுமான காப்பீடு எடுங்கள். முப்பதுகளில் இருக்கும், புகை பிடிக்காத ஒருவருக்குப் பெரும்பாலும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்; மறைத்தால் பணம் கேட்டுப் போகும் அன்று உங்கள் மனைவிதான் அலைவார். அந்தப் பாலிசி கைக்கு வந்த பிறகு, பழையதை நிறுத்தினால் என்ன கிடைக்கும், இப்படியே விட்டால் முதிர்வில் என்ன கிடைக்கும் என்று இரண்டையும் கிளையில் எழுத்தில் வாங்குங்கள். இரண்டே தவணை என்பதால் நட்டம் இருக்கும். இருபது தவணை கட்டிவிட்டுப் புலம்புவதைவிட அது சிறிய நட்டம். மிச்சமாகும் 14,000 ரூபாயைப் பையன் படிப்புக்கென்று மாதாமாதம் பிரித்துப் போடுங்கள்.

மைத்துனரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். டேர்ம் பாலிசியை அவரிடமே எடுங்கள். அதிலும் கமிஷன் உண்டு. குறைவு என்பதால்தான் அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அலுவலக நண்பர் நடத்தும் சீட்டில் சேர்ந்து மகளின் படிப்புக்குச் சேர்க்கலாமா? நல்ல மனிதர்.
– ஒரு வாசகர், வேலூர்

1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டு சட்டப்படி பதிவு செய்த சீட்டா? பதிவு எண் கேளுங்கள். “நமக்குள் எதற்கு அதெல்லாம்” என்று அவர் சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல மனிதர்கள் நடத்திய சீட்டும் ஓடாமல் போயிருக்கிறது.

மகன் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். எட்டாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க எண்ணம். கட்டணம் 60,000, வேன் 18,000. இதைக் கட்டிக்கொண்டே கல்லூரிக்கும் சேமிக்க வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், விருத்தாசலம்

வழி சொல்கிறேன், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற வழி அல்ல. எட்டு முதல் பன்னிரண்டு வரை ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 78,000. கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்றாலும் 3,90,000. போகட்டும், படிப்புக்குச் செலவு செய்வது குற்றமில்லை. ஆனால் இந்த ஐந்தாண்டில் கையைவிட்டுப் போகிற இன்னொன்றை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. விடுதிக் கட்டணமும் அதில் அடக்கம். இது தவிர, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. எட்டாம் வகுப்பில் மாற்றினால் இதெல்லாம் போயிற்று. பதினொன்றில் மனம் மாறி மறுபடி அரசுப் பள்ளிக்கு வந்தாலும் அந்தத் தொடர்ச்சி திரும்பாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே விடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். மேல்நிலைக்கு அவன் போகவேண்டிய அரசுப் பள்ளிக்கு ஒரு நாள் நேரில் போங்கள். கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியாகக் கிடக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அந்த 78,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கை டியூஷனுக்கு வைத்தாலும் மீதி சேமிப்புதான். இல்லையென்றால் உங்கள் முடிவில் நான் குறுக்கிடவில்லை.

மகளின் கல்யாணத்துக்கென்று 18 பவுன் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு அவள் கல்லூரிக்குப் போகிறாள். நகையை விற்பதா, அடகு வைப்பதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

இந்தக் கேள்விக்கு என்னால் வங்கிக்காரனாக மட்டும் பதில் சொல்ல முடியாது, அம்மா. 1975இல் நான் பி.காம். சேர என் அம்மா தன் மூன்றரைப் பவுன் இரட்டை வடச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. அடகுச் சீட்டை நான்காக மடித்து அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் கிண்ணத்துக்கு அடியில் வைத்திருப்பார். ஒவ்வொரு முறை வட்டி கட்டிவிட்டு வரும்போதும் அந்தச் சீட்டில் மஞ்சள் கறை கொஞ்சம் கூடியிருக்கும். 1983இல் எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் மீட்டோம். எட்டு ஆண்டில் கட்டிய வட்டி, வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கை நெருங்கியிருந்தது.

வங்கியில் சேர்ந்த கர்வத்தில், “அன்றைக்கே விற்றிருக்கலாம் அம்மா” என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா சங்கிலியைத் துடைத்துக்கொண்டே, “இன்றைக்குப் பவுன் என்ன விலை, அதையும் எழுது” என்றார். அந்த எட்டு ஆண்டில் தங்கம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. என் கணக்கு தோற்றது. ஆனால் அப்படி ஏறும் என்று அம்மாவுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

உங்களுக்குச் சொல்வது இதுதான். அடகு வைப்பதானால் எந்த மாதம், எந்தப் பணத்தில் மீட்பீர்கள் என்று எழுதிவிட்டு வையுங்கள். தவணைக் கடைசியில் வரும் போனஸோ நெல் விற்ற பணமோ இருந்தால் வங்கியில் வைத்து முதல் ஆண்டுக் கட்டணத்தைச் சமாளிக்கலாம். நான்கு ஆண்டும் நகையைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் கல்விக் கடன் பக்கம் போங்கள். அதில் படிப்பு முடியும் வரை யாரும் தவணை கேட்கமாட்டார்கள். விற்றே ஆகவேண்டும் என்றால் நாணயம், கல் இல்லாத வளையல் என்று தொடங்குங்கள். கல் வைத்த நகைக்குக் கல்லின் எடையைக் கழித்துத்தான் காசு வரும். இனிமேல் படிப்புக்கென்று நகை வாங்காதீர்கள். செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் விற்கும்போது திரும்பி வராதவை.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவள் பெயரைச் சொல்லித்தானே வைத்திருக்கிறீர்கள்.

விசைத்தறி ஓட்டுகிறேன். ஆண்டு வருமானம் 2,40,000. மகனுக்குக் கவுன்சலிங்கில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்துவிட்டது. நான்கு லட்சம் கல்விக் கடன் கேட்டதற்கு வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பத்திரம் அண்ணன் தம்பிகள் பெயரில் பொதுவாக இருக்கிறது.
– ஒரு வாசகர், குமாரபாளையம்

பத்திரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வங்கிகளுக்கான மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை பெற்றோர் கூட்டுக் கையெழுத்து போதும்; சொத்தும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். சொத்து ஜாமீன் என்ற பேச்சே ஏழரை லட்சத்துக்கு மேல்தான். வித்யாலட்சுமி இணையதளத்தில் மகன் பெயரில் விண்ணப்பம் போடுங்கள். அதில் போட்டால் விண்ணப்பத்துக்கு எண்ணும் தேதியும் இருக்கும். “நாளைக்கு வாங்க” என்று சொல்ல முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத வேண்டும் என்றதும் பல மறுப்புகள் கரைந்துவிடும். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் தள்ளுவண்டியில் காய்கறி விற்ற ஒருவர், மகனின் மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். விதிப்படி கொடுத்திருக்கலாம். வாராக் கடன் பட்டியலில் ஏற்கெனவே மேலிடத்தில் திட்டு வாங்கியிருந்தேன். “சொத்து ஏதாவது கொண்டுவாருங்கள்” என்றேன். அவர் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை. அந்தப் பையன் என்ன படித்தான், படித்தானா என்று எனக்குத் தெரியாது.

கடன் எப்படி வளரும் என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு முறை வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்பு நான்கு ஆண்டு, அதன் பிறகு ஓராண்டு தவணை கிடையாது. அந்த ஐந்தாண்டில் தனி வட்டியே 1,40,000 சேர்ந்து, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,100.

இங்கேதான் உங்கள் வருமானம் கைகொடுக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,50,000 வரை உள்ளவர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால், தவணை இல்லாத காலத்தின் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அந்த 1,40,000 உங்கள் தலையில் விழாது. ஆனால் அது தானாக வராது. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி, கடன் வாங்கும்போதே வங்கியில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்தார்களா என்று கேட்டுத் தொலைக்க வேண்டும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் அதே நடையில் வாங்கிவிடுங்கள். கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். கடனையும் அந்த அளவுக்குக் குறைத்து வாங்கலாம்.

ஆசிரியையாக இருக்கிறேன். மகன் பெயரில் பதினோரு ஆண்டுகளாக மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 3,000 எஸ்.ஐ.பி. போடுகிறேன். அவனுக்கு இப்போது 15 வயது. நன்றாக வளர்ந்திருக்கிறது. 18 வயது வரை அப்படியே விடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

விடக்கூடாது, டீச்சர். 2008 ஜனவரியில் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000 புள்ளியைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்கும் கீழே போய்வந்தது. மறுபடி 21,000 பார்க்க 2010 நவம்பர் ஆயிற்று. ஓய்வுக்காகச் சேர்த்தவர் காத்திருக்கலாம். ஆடி மாதம் காத்திருக்காது. இந்த ஆண்டு மூன்றில் ஒரு பங்கு, அடுத்த ஆண்டு ஒரு பங்கு, அதற்கடுத்த ஆண்டு மீதி என்று எடுத்து வங்கி டெபாசிட்டுக்கு மாற்றுங்கள். நீண்ட கால லாபத்தில் நிதியாண்டுக்கு 1,25,000 வரை வரி இல்லை, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம், ஆகவே பிரித்து எடுப்பதில் வரியும் மிச்சம்.

மகன் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு 18 முடிந்த அன்றே அந்தக் கணக்கில் உங்கள் கையெழுத்து செல்லாது. அவனுடைய பான் அட்டை, கே.ஒய்.சி. என்னும் அடையாளச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் மாற்றிப் பதிவு செய்யும் வரை ஒரு ரூபாய் எடுக்க முடியாது. சரியாகக் கட்டணம் கட்டும் வாரத்தில் இதற்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முன்பே பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடுங்கள்.

எனக்கு 71 வயது. பேத்தி பிறந்து நாற்பது நாள். அவள் படிப்புக்கு ஒரு லட்சம் போட்டுவைக்க ஆசை. அவள் கல்லூரிக்குப் போகும்போது நான் இருக்கப்போவதில்லை.
– ஒரு வாசகர், காரைக்குடி

இருப்பீர்கள் ஐயா, 89 ஒன்றும் பெரிய வயதில்லை. செல்வமகள் கணக்கு உங்களுக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் அதைத் தாத்தா தொடங்க முடியாது. மகனோ மருமகளோ தொடங்க வேண்டும், பணத்தை நீங்கள் கொடுக்கலாம். இப்போதைய வட்டி நீடித்தால் இந்த ஒரு லட்சம் பதினெட்டு ஆண்டில் நான்கு லட்சத்துக்கு மேல் ஆகும். அதில் பாதியை அவள் கல்லூரிக்கு எடுக்கலாம்.

தொடங்கிய ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டு, ஆண்டுக்கு 250 ரூபாயாவது கட்டிக்கொண்டிருக்க வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 50 ரூபாய் அபராதம். ஒரு லட்சத்தைப் போட்டவர்கள் மறந்துபோவது இந்த 250 ரூபாயைத்தான். அதை யார் கட்டுவது என்று மகனிடம் இப்போதே பேசி, பாஸ்புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? பெயர் பதிந்த பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.